அத்தான் பார்க்காமல் கடந்த கடல்: லண்டன் – மொன்றியல், பகல் விமானம்

சென்ற மே மாதம், அத்தானின் தங்கை மகளின் கலியாணத்துக்காக மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்து லண்டன் போய்வந்தோம். அத்தான் என் அக்காவின் கணவர். வயது அறுபத்தெட்டு. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் சரக்குக் கப்பலின் அடித்தட்டில் வேறு பலரோடு ஒளிந்திருந்து, பதினொரு நாளில் அத்லாந்திக்கைக் கடந்து கனடா வந்தவர். ஆனால் கடலைப் பார்த்ததில்லை. அங்கே யன்னல் ஏது?

போகும்போது இரவு விமானம், ஒன்றும் தெரியவில்லை. திரும்புவது பகல் 12.10க்கு. லண்டன் விமான நிலையத்தில் அத்தான் சொன்னார்: "இண்டைக்கு அந்தக் கடலை ஒருக்காப் பாக்கவேணும். இந்த முழங்காலோட இனிப் பிளேன் ஏறமாட்டன்."

ஆனால் நானோ, பெரியவர், காலை நீட்டட்டும் என்று 45 டாலர் கூடக் கொடுத்து அவருக்கு நடைபாதை ஓர இருக்கை எடுத்திருந்தேன். நம்மவர் மரியாதையே இப்படித்தான். கேட்காமல் செய்வோம், அவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். நடுவில் நான். யன்னலோரத்து கியூபெக் அம்மா ஏறியதுமே திரையை மூடிவிட்டுத் தூங்கிப்போனார்.

"எழுப்பட்டே அத்தான்?"

"வேண்டாம், பாவம். நித்திரை கொள்ளட்டும்."

மூன்று மணி நேரம் இதே கதை. அவர் முன்னாலிருந்த வரைபடத்தில் நகரும் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்கப்பல்கள் வாரக்கணக்கில் அலைந்து கடந்த தண்ணீர், நீராவிக் கப்பல்கள் ஒரு வாரமாக்கிய தண்ணீர், எங்களுக்கு ஏழேகால் மணி நேரம். அதில் பாதி வீணாய்ப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

தேநீர் வண்டிச் சத்தத்தில் அந்த அம்மா விழித்தார். அத்தான் என்னைத் தாண்டிக் குனிந்து, மொன்றியல் சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில், தான் இந்தக் கடலைக் கடந்த கதையை இரண்டே வரியில் சொன்னார். அந்த அம்மா உடனே எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தார்.

மேகமே இல்லை. கரை இல்லை, கப்பல் இல்லை, கண் போகுமட்டும் தண்ணீர். இத்தனை வருடம் கனடாவில் இருந்தும், எதைக் கடந்து வந்தோம் என்று நான் யோசித்ததேயில்லை. பிறகு கனடாக் கரையோரம், லாப்ரடோர் பக்கம் வெள்ளை வெள்ளையாய்ப் பனிப்பாறைகள். அத்தான் கண்ணாடியில் வைத்த நெற்றியை எடுக்கவேயில்லை.

போக இருப்பவர்களுக்கு: வரும்போது பகல் விமானம் எடுங்கள், இறக்கைக்குத் தள்ளி யன்னலோரம். பெரியவர்களுக்கு எந்த இருக்கை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மொன்றியல் நேரம் 2.25க்கு இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் அத்தான் திரும்பினார்.

"கப்பலில பக்கத்தில இருந்த ஆக்கள் அழ அழ, 'சின்னக் கடல்தான், பயப்பிடாதேங்கோ' எண்டு பதினொரு நாளும் சொல்லிக்கொண்டு வந்தனான். நல்ல காலம், அண்டைக்கு நான் பாக்கேல்லை."