அம்மாவுக்கு ஒரு பூச்சி மாத்திரை

எங்கள் வீட்டில் காய்கறிகளுக்குக் குளிப்பாட்டு நடந்த காலம் ஒன்று உண்டு. என் தம்பி பிறப்பதற்கு முந்தைய மாதங்கள் அவை. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. தம்பி என்று ஒருவன் வரப்போவதை என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் தாண்டாமல் பிள்ளைகள் காதில் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் காதில் போட்டால் சங்கரன்கோவில் முழுவதும் தெரிந்துவிடும் என்பது அதைவிட நியாயமான காரணம்.

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். சமையலறையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத மனிதர். ஒருநாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பியவர், வாயகன்ற பிளாஸ்டிக் வாளி ஒன்றும் ஒரு மூட்டை கல்லுப்பும் வாங்கி வந்தார். காய், கீரை, பழம் எதையும் நன்றாகக் கழுவாமல் அம்மா பச்சையாகத் தின்னக் கூடாது, ஒட்டியிருக்கும் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு முட்டை இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் சொன்னது என்னவோ ஒரு வாக்கியம்தான். அப்பா அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார்.

கேரட்டைத் தேய்க்கப் புது டூத் பிரஷ் வந்தது. தக்காளிக்குத் தலைமுழுக்கு நடந்தது. மல்லித்தழையை ஒவ்வொரு இணுக்காகப் பிரித்துக் குழாயடியில் காட்டுவார். தோலை உரித்துத் தின்னும் வாழைப்பழத்தைக்கூட அவர் விடவில்லை.

"சோப்பு போடலியா?" என்று அம்மா கேலி செய்தாள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

"எதுக்குப்பா இப்படிக் கழுவுதீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா வயித்துக்குள்ள பூச்சி கீச்சி போயிரக் கூடாதுல்லா மக்கா, அதான்" என்றார். பிறகு அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு வெள்ளரிப்பிஞ்சு என்றால் உயிர். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கூடையில் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் விற்பாள். வாங்கிய கையோடு சேலைத் தலைப்பில் ஒரு துடை துடைத்துக் கடித்தால்தான் அம்மாவுக்கு ருசி. அப்பாவின் வாளியில் ஊறி எழுந்த பிஞ்சை ஒரு கடி கடித்துவிட்டு, "ஊறுகாய் மாதிரில்லா இருக்கு" என்று வைத்துவிட்டாள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் பிஞ்சு வாங்கிப் பைக்கட்டில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். கொல்லையில் துணி காயும் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் தின்போம். "அப்பாட்ட மூச்சு விடக் கூடாது, என்னட்டி?" என்பாள். அவ்வளவு பெரிய ரகசியத்தில் எனக்குப் பங்கு கிடைத்தது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்தச் சந்தோஷத்தைப் பள்ளிக்கூடம் கெடுத்தது. எல்லோருக்கும் பூச்சி மாத்திரை கொடுப்பதற்கு முந்தைய நாள், டீச்சர் குடற்புழுவைப் பற்றிப் பாடம் நடத்தினார். கழுவாத காயைத் தின்றால் புழு முட்டை வயிற்றுக்குள் போய்ப் பெரிதாகும். வாந்தி வரும். சோர்ந்து சோர்ந்து படுக்கத் தோன்றும். கண்டதையும் தின்ன ஆசை வரும். வயிறு உப்பும்.

நான் விரல் விட்டு எண்ணினேன். அம்மா காலையில் பல் தேய்க்கும்போதே வாந்தி எடுக்கிறாள். பகலெல்லாம் படுத்துக்கொள்கிறாள். புளியை உருட்டி வாயில் ஒதுக்கிக்கொள்கிறாள். வயிறும் முன்போல இல்லை. நான்கும் சரியாக இருந்தன. பைக்கட்டில் வைத்துப் பூச்சியை வீட்டுக்குச் சுமந்தவள் நான்தான். அம்மா செத்துப்போவாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அன்று சாயங்காலம் பெரியம்மா சிவகிரியிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக அம்மா வயிற்றில் கை வைத்து, "நல்லா வளருதுட்டி" என்றாள். "இந்தத் தடவ ஒண்ணும் ஆகாது. பயப்படாம இரி."

அப்படியானால் பூச்சி முன்பும் வந்திருக்கிறது! அது வளருகிறது என்று இவர்கள் சந்தோஷம் வேறு படுகிறார்கள். இந்தப் பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் டீச்சர் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து, தன் எதிரிலேயே மென்று தின்னச் சொன்னார். நான் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாக்கை மட்டும் நீட்டிக் காட்டினேன். மணி அடித்ததும் மாத்திரையைத் துப்பிக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன். வீட்டு வாசலில் அது நழுவி மண்ணில் விழுந்தது. அப்பாவின் வளர்ப்பு வீண்போகவில்லை. நேரே கொல்லைக்குப் போய் உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். மூன்றாவது அலசலில் மாத்திரை பாதியாகிவிட்டது.

அப்பா அன்று லீவு. அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். மூவரும் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாத்திரையை நீட்டினேன்.

"என்னட்டி இது?" என்றாள் அம்மா.

"பூச்சி மாத்திரை. தின்னும்மா. ஒன் வயித்துல பூச்சி வளருதுல்லா. நாந்தான் வெள்ளரிப்பிஞ்சு வாங்கியாந்தேன். கழுவாம தின்னோம். எல்லாம் என்னாலதான்" என்று ஓவென்று அழுதேன்.

முதலில் பெரியம்மாதான் வெடித்துச் சிரித்தாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளரிப்பிஞ்சா? எத்தன நாளா?" என்றார் அப்பா.

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட அம்மாவுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. "அதான் டாக்டரு மாத்திரையோட வந்துட்டால்லா, விடுங்க" என்றாள். மாத்திரையை வாங்கி என் வாயிலேயே போட்டாள். என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "பூச்சி இல்லட்டி. பாப்பா. ஒனக்குத் தம்பியோ தங்கச்சியோ வருது."

நான் குதித்த குதியில் அல்வாப் பொட்டலம் கவிழ்ந்தது. பெரியம்மாவைச் சுற்றி ஓடினேன். கட்டிலில் ஏறினேன், இறங்கினேன். அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"அப்போ போன தடவ வந்த பாப்பா எங்கேம்மா?"

சிரிப்பு நின்றது. அம்மா என் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்பாதான் எழுந்தார்.

"வா மக்கா, மல்லித்தழை கழுவணும். இனிமே நீயும் கூட நில்லு" என்றார்.

அதுவரை வாளித் தண்ணீரில் கை வைக்க அவர் என்னை விட்டதே இல்லை. எனக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது. கேட்ட கேள்வி அங்கேயே மறந்துபோயிற்று. இருவரும் வாளிக்கு இரண்டு பக்கமும் குத்தவைத்து உட்கார்ந்து முக்கி முக்கி எடுத்தோம். பொட்டு மண்கூட இல்லை.

"போதும்ப்பா, சுத்தமாயிட்டு" என்றேன்.

"இன்னொரு தடவ, மக்கா" என்றார் அப்பா.

அப்பாவுக்கு இந்த விளையாட்டு இத்தனை பிடித்திருக்கிறதே என்று நானும் தண்ணீரைத் தட்டித் தட்டி அவர் முகமெல்லாம் நனைத்தேன். அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை.