கீறல் விழாத சிடி

ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் படத்தை சிடியில் பதிந்து கொடுப்பது அவள் வேலை. கண்ணாடியைத் தூக்குவது போல ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவாள். பளபளக்கும் பக்கத்தில் யாராவது விரல் வைத்தால் பதறிப்போவாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்குக் 'கண்ணாடி அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை ஒரு பெரியவர் சிடியோடு வந்தார். "பேத்தி இதைத் தரையில தேய்ச்சு விளையாடிட்டாம்மா. போச்சா?"

கீறல் மேல் கீறல். ஒப்புக்கு கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பார்த்தாள். முழங்கால் படம் ஒன்றுவிடாமல் திறந்தது!

பின்னாலேயே ஒரு பெண் இன்னொரு சிடியை நீட்டினாள். உறையை விட்டு எடுத்ததேயில்லையாம். ஒரு கோடு கிடையாது. டிரைவ் முக்கி முனகிக் கடைசியில் கைவிரித்துவிட்டது.

கண்ணாடி அக்கா கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அடிபட்டது ஓடுது, புதுசு படுத்துக்கிச்சு. என்ன நியாயம் இது?"

அவர் கோடு விழாத சிடியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "சிடி மேல பேரை எதால எழுதினீங்க?"

"பால்பாயிண்ட் பேனாவால. அழியக்கூடாதுன்னு இதுல ரொம்பவே அழுத்தி எழுதினேன்."

"அங்கதான் கெட்டுது. படம் பதியறது பேர் எழுதுற பக்கத்துக்குக் கீழயே. மேல மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். பளபளக்கிற பக்கம்தான் கெட்டியான பிளாஸ்டிக்."

"சரி, அவ்வளவு கீறலுக்கும் அந்தப் படம் எப்படித் தப்பிச்சுது?"

"மெஷின் படத்தை எண்களா மாத்தி, வரிசையா வைக்காம கலைச்சுப் போட்டு எழுதும். கூடவே சரிபார்க்கக் கொஞ்சம் எண்களும் சேர்த்து வைக்கும். அதனால ஒரு கீறல் படத்துல ஒரே இடத்தை மொத்தமாத் தின்னாது, அங்கங்க கொஞ்சம் கொஞ்சம்தான் தின்னும். டிரைவ் மிச்சத்தை வச்சுக் கணக்குப் போட்டுப் போனதைக் கண்டுபிடிச்சிடும். மூணு மூட்டை எடையும் தனித்தனியா, கூடவே மொத்த எடையும் எழுதி வச்சிருக்கோம், அதுல ஒண்ணு அழிஞ்சு போச்சு. கண்டுபிடிக்க மாட்டீங்களா?"

"கண்டுபிடிப்பேன். ரெண்டு அழிஞ்சா?"

"இன்னும் கொஞ்சம் கூடுதலா எழுதி வச்சிருந்தாத் தப்பிக்கும். ரொம்பப் போனா அதுவும் கைவிரிக்கும், உங்க பேனா அழுத்தின இந்த சிடி மாதிரி."

மூட்டை வரைக்கும் அவளுக்குப் புரிந்தது. இல்லாத ஒன்றை ஒரு மெஷின் எப்படிக் கணக்குப் போட்டே கொண்டுவரும் என்பது மட்டும் பிடிபடவேயில்லை. கம்ப்யூட்டரில் இருந்த படத்தை வேறொரு சிடியில் பதிந்து, மெத்தென்ற முனையுள்ள மார்க்கரால் பேரெழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"இதுல எந்தப் பக்கத்தை ஜாக்கிரதையா வச்சுக்கணும்க்கா?" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடி அக்கா சிடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ரெண்டையும்தாம்மா" என்றாள். சொன்னது சரிதானா என்று மெக்கானிக் இருந்த திசையில் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.