கூட்டு ரோட்டில் கட்டிய பேனர்

எங்கள் கவிதை வட்டத்தில் பத்துப் பேர். பத்தும் ஆம்பளைகள், பத்தும் செஞ்சியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டுடோரியலின் மாடியில் கூடுவோம். ஒருவர் கோட்டையைப் பற்றி வாசிப்பார், அடுத்தவர் அம்மாவைப் பற்றி, அதற்கடுத்தவர் மறுபடியும் கோட்டை. "அருமை, அருமை" என்று மாற்றி மாற்றி முதுகு சொறிந்துவிட்டு, மசால் வடை தின்று கலைவோம். செயலாளரான எனக்கே சலித்துப்போயிருந்தது.

பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் சான்றிதழ்களை நகலெடுக்க ஒரு பெண் வந்தார். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களுக்கு ரத்தம் எடுத்து வருவார். சான்றிதழ்களுக்கு நடுவே ஒரு தாள் செருகியிருந்தது. அடுத்தவர் தாளைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, படித்துவிட்டேன்.

*ஊசிக்கு நீட்டுன கை*
*தண்ணி கேட்டா மடங்கிப் போவுது.*
*ரத்தம் தொடச்ச பஞ்ச மட்டும்*
*எங்கையில வுட்டுட்டு*
*கதவ சாத்திக்கிறாங்க.*

"இது யாரு எழுதுனதும்மா?"

"நான்தாண்ணா. ஊருப் பக்கம் இதே வேல பாத்தப்ப சும்மா எழுதுனது. கிழிச்சிப் போட்டுடுங்க."

கிழிக்கவில்லை. மூன்று மாதம் நச்சரித்து வட்டத்துக்கு வரவழைத்தேன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார், கதவோரம் உட்கார்ந்தார், நாலு கவிதை வாசித்தார். யாருக்கும் "அருமை" வரவில்லை. வடை ஆறிப்போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கவிதை என்று நாங்கள் எதைச் செய்துகொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த உற்சாகத்தில்தான் யோசனை சொன்னேன். எல்லாத் தரப்புக் குரலும் கேட்கும்படி ஒரு கவியரங்கம் வைப்போம், அவரை முன்னிறுத்துவோம். எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உடனே பேனர் என்றார். எங்கள் ஊரில் காதுகுத்தோ சாவோ, பேனர் கட்டாவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில்லை.

"பேரு மட்டும் போட்டுக்கோங்கண்ணா. ஊரு கீரு ஒண்ணும் வாணாம்" என்றார் அவர். அடக்கம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தொண்டூர்ப் பக்கம் ஒரு காலனிதான் அவருடைய ஊர் என்பது, அவருடைய சாதிச் சான்றிதழை நான் நகலெடுத்ததால் எனக்குத் தெரியும். என் கடைக் கம்ப்யூட்டரில் நானே வடிவமைத்தேன். அவர் முகம் பெரிதாக, அதன் கீழே மஞ்சள் எழுத்தில் 'காலனியின் கவிக்குரல்'. வெள்ளிக்கிழமை கூட்டு ரோட்டில் கட்டினோம்.

சனிக்கிழமை காலை கடைக்கு வந்தார். தலைவரும் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த பேனர கழட்டிடுங்கண்ணா."

"ஏம்மா, போட்டோ நல்லா வரலியா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"வீட்டுக்காரம்மா பாத்துட்டாங்க. இந்த மாசத்தோட காலி பண்ணிக்கன்னு சொல்லிட்டாங்க. நான் இன்னா ஆளுன்னு இங்க யாருகிட்டயும் சொல்லலண்ணா. ரெண்டு வருசமா பொண்ணுக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருந்தேன், யாரு கேட்டாலும் சொல்லாதன்னு."

தலைவர் பேப்பரை மடித்தார். "இதுக்கா பயப்படறது? நிமிந்து நில்லும்மா. பெருமையா சொல்லிக்கணும்."

"பெருமையா சொன்னா வீடு குடுப்பாங்களா சார்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். தலைவர் மறுபடியும் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நானே ஏணி வைத்து ஏறி பேனரைக் கழற்றினேன். இறங்குவதற்குள் இரண்டு பேர், "இன்னா, ப்ரோக்ராம் கேன்சலா?" என்று கேட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. கவியரங்கம் நடக்கவில்லை.

அவருக்காக வீடு தேடி அலைந்தேன். போன இடமெல்லாம் முதலில் நல்ல பேச்சு. யாருக்கு என்று சொன்னதும், "அந்த பேனர்ல இருந்த பொண்ணா? அடடா, நேத்துதான் வேற ஆளுக்குச் சொல்லிட்டம்பா." ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டவாவது முடிந்திருக்கும்.

இனிச் சொல்வதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். எங்கள் வீட்டு மாடி அப்போது காலியாக இருந்தது. வீட்டில் பேச்செடுத்தேன். "உங்களுக்கு கவிதை. எனக்கு இந்தத் தெருவுல நாலு பேரு மூஞ்சில முழிக்கணும்" என்றாள் மனைவி. நான் இன்னொரு முறை கேட்கவில்லை. அவள் தலையில் பழியைப் போடுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். வீடு என் பேரில் இருக்கிறது. சாவியும் என்னிடம்தான் இருந்தது.

மாசக் கடைசியில் மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழை நகலெடுக்க அவர் வந்தார். வேலையை விட்டாயிற்று, ஊருக்கே போகிறார்கள். 'மாடி போர்ஷன் வாடகைக்கு' என்று நானே எழுதி ஒட்டிய தாள் கல்லாவுக்கு மேலே இருந்தது. மெஷின் ஓடி முடிகிறவரை அவர் அதன் எதிரில்தான் நின்றார். படிக்கத் தெரியாதவர் இல்லை. "எழுதறத வுட்டுடாதம்மா" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு வட்டம் கூடியது. கோட்டையைப் பற்றி அன்று யாரும் எழுதி வரவில்லை. வீடு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி மூன்று பேர் கவிதை வாசித்தார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே நல்ல கவிதை அதுதான் என்று எழுந்து நின்று கை தட்டினார்கள்.