வாசலில் வைத்த வலைத்துண்டு

பிளவுஸ் தைக்கும்போது பக்க மூட்டில் இரண்டு விரல் அளவு துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பேன். உடம்பு போட்டால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பி.காம். முடித்து, பழவேற்காடு ஏரிக்கரைக்கு மருமகளாக வந்து, தையல் மிஷின் வாங்கிப் போட்ட பிறகுதான் எனக்கு அது புரிந்தது: மூட்டு என்பது சேர்ப்பதற்கு மட்டுமல்ல, பின்னால் ஒருநாள் பிரிப்பதற்கும்தான்.

வலையிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து பங்கு வலை போடுவார்கள். ஆளுக்கொரு துண்டு. வெள்ளை வலை, மூட்டுக்கு மட்டும் சிவப்பு நூல். பிரிக்க வேண்டி வந்தால் ஒரு கண்ணிகூட அறுபடாமல் சிவப்பை உருவிவிடலாம்.

பங்குக்காரர் ஒருவர் இறந்தால் அவருடைய துண்டைப் பிரித்து, மடித்து, வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். சிவப்பு நூல் ஓரத்தில் தொங்கும். கதவைத் தட்ட மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் தெரு வெளியே வரும். மாமனார் ஏரியில் மூழ்கி இறந்தபோது உடம்புக்கு முன்னால் துண்டுதான் வீட்டுக்கு வந்தது.

போன மார்கழியில் ஒரு விடியலில் கோலம் போடக் கதவைத் திறந்தேன். பனியில் எதிர்வீடு தெரியவில்லை. வாசலில் வலைத்துண்டு இருந்தது. ஈரமாக, நன்றாக மடித்து.

மகன் இருட்டோடு பங்கு வலைக்காரர்களுடன் ஏரிக்குப் போயிருந்தான். கணவர் முதல் நாளே மீன் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

நான் அழவில்லை. உட்கார்ந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நூல் அறுக்கப்படவில்லை. முடிச்சு முடிச்சாக, பொறுமையாகப் பிரித்திருந்தார்கள். அவ்வளவு பொறுமை ஏன் வந்தது? இனி அவசரம் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்கள்தானே அப்படிப் பிரிப்பார்கள்?

பக்கத்து வீட்டு ஜன்னலில் நாத்தனாரின் முகம் தெரிந்தது.

"யாரு வச்சது? பாத்தியா?"

"நான் ஒண்ணும் பாக்கல அண்ணி," என்று சொல்லி ஜன்னலை மெல்லச் சாத்தினாள்.

அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் பிடிக்க எல்லோரும் எழுந்திருக்கும் வேளை. ஒரு குடத்தின் சத்தமும் இல்லை. எனக்கு முன்பே தெரு அதைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் நின்று என் அழுகைக்காகக் காத்திருக்கிறது.

துண்டைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை. ரொம்ப நேரம் கழித்து என்ஜின் சத்தம் வந்து, நின்றது. பிறகு கழி ஊன்றும் சத்தம். படகின் மூக்கு மட்டும் பனியிலிருந்து வெளியே வந்தது. முன்னால் ஒருவன் தலையோடு முகமும் மறையப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இன்னாம்மா, வலைய தூக்கினு இங்க வந்து நிக்கிற?"

மகன்தான். பின்னால் கழி ஊன்றிக்கொண்டிருந்த பங்குக்காரர், மகன் சித்தப்பா என்று கூப்பிடுபவர், என் கையில் இருந்ததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணி, அவன் சொல்லலியா?"

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேம்மா," என்றான் மகன். "பொன்னேரி பக்கம் ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு. ஏரிக்கு இதான் கடைசி தபா. என் துண்ட நேத்தே பிரிக்கச் சொல்லிட்டேன்."

"ஒரு குரல் குடுத்துட்டு வைக்கக் கூடாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"பிரிச்ச துண்ட வேற எப்படிக் குடுக்கறதுனு எங்களுக்கு இன்னா தெரியும் அண்ணி? உசுரோட எவனும் பங்க உட்டுப் போனதில்லயே. இவன் முன்னாடியே படகுக்கு வந்துட்டான், நான் வாசல்ல வச்சேன், திரும்பிப் பாக்காம வந்துட்டேன். கை அதுவா செஞ்சிச்சு."

"நல்லா வச்ச சித்தப்பா. எனக்கு நானே மாலை போட்டுக்கணும் போல," என்றான் மகன். படகில் யாரும் சிரிக்கவில்லை.

"திரும்ப மூட்டிடுங்க," என்றேன். "அவன் வேலைக்குப் போனா போகட்டும். துண்டு வலையிலயே இருக்கட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாசலுக்கு வந்தத மூட்ட மாட்டாங்க அண்ணி."

நானும் மகனும் தெருவுக்குள் நடந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாத்தனார் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். உடனே விட்டாள்.

"சில்லுனு கீறான் அண்ணி."

"பனில போய்ட்டு வந்தா சூடாவா இருப்பாங்க அத்த?" என்றான். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துண்டு கொல்லை வேலியில் கிடக்கிறது. தைத்ததைப் பிரிக்கும் வேலை வந்தால் இப்போதெல்லாம் பொறுமையாக உருவாமல் கத்தரியால் அறுத்துவிடுகிறேன். மகன் தினமும் பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறான். தெருவில் யாரும் முன்புபோல அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் பேசினால்தான் பேசுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கோபமாக வரும்.

ஆனால் சாயங்காலம் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால் நானும் மிஷினை நிறுத்திவிடுகிறேன். யாரென்று கேட்பதில்லை. அவன் "அம்மா" என்று கூப்பிடும் வரை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன்.