டிபன் மூடிக்குள் அணைந்த கற்பூரம்

நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. உங்கள் நைனாவான என் கையும் முகமும் தீப்படாமல் முழுசாக இருப்பதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவிலேயே "போதும் நிறுத்து" என்பாள். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

திருப்பதியில் நம் மெக்கானிக் ஷெட்டுக்குச் சித்தூரிலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருந்தது. இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டி. சித்தூரில் கிளம்பினால் பறக்கும். சந்திரகிரி கிட்டே வந்ததும் இருமி இருமி நின்றுவிடும். சூடு ஆறினால், ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

கீழே படுத்துப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலில் தூசியைத் தடுக்கிற சின்ன டப்பாதான் ஃபில்டர். அதை யாரோ சைலன்சர் குழாயை ஒட்டி மாட்டியிருந்தார்கள். குழாய்ச் சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியானால் வண்டி எப்படி ஓடும்? புது ஃபில்டர் வாங்கி, சூடு எட்டாமல் இன்ஜினுக்கு முன்பக்க ஓரத்தில் மாட்டினேன். பெட்ரோல் வரும் பழைய ரப்பர் ஹோஸ் அந்த இடத்துக்கு எட்டவில்லை. புதுசு வெட்டிப் போட்டுக் கிளிப் முடுக்கினேன்.

இந்த வேலை அத்தோடு முடியாது. கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெட்ரோலைத் தள்ளும் பம்ப் ஓடினால்தான் கசிவு வெளியே வரும். அதற்குள் மண்டிக்காரர் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து இறங்கிவிட்டார்.

"மேஸ்திரி, ஒன்ற மணிக்கு ராகு காலம். அதுக்கு முன்ன வண்டி வெளிய போயிடணும். தொந்தரகா, சீக்கிரம்!"

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாத்துட்டு..."

"ஓடவுட்டுதானப்பா பாக்கப் போற? சாமிக்குக் காட்டறப்பவே பாத்துக்கோ."

பெரிய வேலை முடிந்த வண்டி கற்பூரம் காட்டாமல் நம் ஷெட்டை விட்டுப் போனதில்லை. எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது உறுமுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியின் மூக்குக்கு நேர் கீழே, தரையில் வெற்றிலை போட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் உங்கள் அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாயா, பெட்ரோல் வாட அடிக்குது?"

"மெக்கானிக் ஷெட்டுல பெட்ரோல் வாட வராம மல்லிப்பூ வாசனையாம்மா வரும்?" என்றார் மண்டிக்காரர்.

"உங்க மேஸ்திரி சட்டைய தெனம் தொவைக்கறவ நானு. அது பழைய வாட. இது இப்ப ஒழுவுற வாட!"

சொல்லிக்கொண்டே டிபன் மூடியைக் கழற்றி, எரிகிற கற்பூரத்தின் மேல் கவிழ்த்து அமுக்கினாள். "நின்னுக்கினு இன்னா பாக்கிற? வண்டிய நிறுத்துயா!"

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். மண்டிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமிக்குக் காட்டற கற்பூரத்த அணைக்கலாமா அம்மா? அபசகுனம்! அய்யய்யோ!"

நான் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். ஃபில்டரின் கீழ் இணைப்பில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது அடித்தகட்டின் வழியே முன்னால் ஓடி, மூக்கிலிருந்து தரையில் இறங்கியிருந்தது. அந்த ஈரத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. அந்த வெற்றிலைக்கு முன்னால்தான் நானும் அவரும் கைகூப்பி நின்றிருந்தோம்.

"ஐயா, குனிஞ்சு பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். எழுந்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, தாகத்துக்குத் தண்ணி இருந்தா குடு" என்றார்.

வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஈரத்தில் மணல் போட்டோம். அந்தக் கிளிப் ஹோஸுக்குக் கொஞ்சம் பெரிசு. சரியான அளவில் வேறு போட்டு, இந்த முறை இன்ஜினை ஓடவிட்டு எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்தேன். விரல் காய்ந்தே இருந்தது. அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. "மூணு மணிக்குப் போறேன்பா, இன்னா இப்போ" என்றார் அவர். உங்கள் அம்மா எனக்குக் கொண்டுவந்த சோற்றை இரண்டாகப் பங்கு போட்டாள். புளிக்குழம்பை அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு அவர் மிச்சக் கற்பூரத்தை உங்கள் அம்மா கையில் கொடுத்தார். "நீயே காட்டுமா. எங்கன்னு நீயே சொல்லு."

அவள் ஷெட் கேட்டைத் தாண்டி, புங்க மரத்தடிக்குப் போய்க் கொளுத்தினாள். வண்டி இங்கே, கற்பூரம் அங்கே. சாமிக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாதா என்ன? அன்றிலிருந்து நம் ஷெட்டில் எந்த வண்டிக்கானாலும் கற்பூரம் மரத்தடியில்தான். ஏன் என்று கேட்பவர்களிடம் என் வீட்டுக்காரம்மாவின் உத்தரவு என்று சொல்லிவிடுவேன்.

சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் என் சட்டையை வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்றம் பிடிக்காமல் மூக்கைச் சுளிக்கிறாள் என்று சிரிப்பீர்கள். பழைய வாடைதான் என்று தெரிந்ததும் வாளியில் போடுவாள். அந்த நேரத்தில்தான் நான் மனசுக்குள் சாமி கும்பிடுகிறேன்.