நூற்றிருபது சதவீதக் கத்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவன், விரல் நீளக் கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கத்தியால் வெட்டுவதற்கு என் பிழைப்பில் ஒரு பொருளும் இல்லை என்பது ஐந்து மாதமும் எனக்குத் தெரிந்தே இருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேப்பர் கட்டைப் பிரிக்க ஒரு பிளேடு உண்டு. அதுவும் பாதி நாள் காணாமல் போயிருக்கும், பல்லால் கடித்துப் பிரிப்பேன்.

எல்லாம் என் சகலையால் வந்த வினை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். போர்வெல் வண்டியோடு வடக்கே போய்ப் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பவர். மழைக்காலத்தில் வண்டி நின்றுவிட்டால் ஊருக்கு வருவார். வயதில் சின்னவர், வயிறு இல்லாதவர், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர். குறை சொல்ல இடமே வைக்காத மனிதர். அவர்மேல் எனக்கிருந்த முதல் குறையே அதுதான்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மாமனாருக்குத் தோட்டம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார், கட்டுத்தறியில் நாலைந்து வெள்ளாடு நிற்கும். அந்த வீட்டில் நான்தான் பெரிய மாப்பிள்ளை. முதல் இலை எனக்கு, முதல் காபி எனக்கு, ஃபேனுக்கு நேர் எதிரே போட்ட நாற்காலி எனக்கு. பதினோரு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு பங்கமும் வந்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தோட்டத்தில் இருந்தோம். சொட்டுநீர்க் குழாய் ஓரிடத்தில் பிளந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மாமனார் அதைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரு கத்தி கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். அந்த வீட்டில் கத்தி நாலு உண்டு. தேடும்போது மட்டும் நாலும் எங்கேயாவது விருந்துக்குப் போயிருக்கும். நான் பெரிய மாப்பிள்ளைக்குரிய பொறுப்போடு வீட்டைப் பார்த்து நாலு எட்டு வைத்தேன். பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். திரும்பினால், சகலை சட்டைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கத்தியை உருவி எடுத்துவிட்டார்.

மடக்குக் கத்தி இல்லை. கைப்பிடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இரும்பு. கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் உறை தலைகீழாகத் தொங்குகிறது. கைப்பிடி கீழே பார்த்திருக்கிறது, கை போட்டால் கத்தி வந்துவிடுகிறது. மாமனார் அதை வாங்கி, பிளந்த துண்டை ரெண்டு வெட்டில் எடுத்துவிட்டு, குழாயை மறுபடி பொருத்தினார். பிறகு அவர் செய்ததுதான் என்னால் தாங்க முடியாதது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, கத்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"சோலி சுத்தமா முடியுதுங்க மாப்ள" என்றார்.

என்னிடம் அவர் இதுவரைக்கும் வாங்கியதெல்லாம் பட்டா நகல், சிட்டா நகல். அதையெல்லாம் யாரும் துண்டால் துடைக்க மாட்டார்கள்தான். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் உரமூட்டை பிரிக்க, வாழைநார் கிழிக்க, கூரியரில் வந்த டப்பாவைத் திறக்க என்று அந்தக் கத்தியை ஊரே கேட்டு வாங்கியது. என் சொந்த மனைவியும், "அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க தம்பி" என்று கேட்டு, தன் ரவிக்கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை அறுத்துக்கொண்டாள். நான் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து காற்று வாங்கினேன்.

திரும்பும்போது பைக்கில் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன். "நானும் ஒரு கத்தி வாங்கலாம்னு பார்க்கறேன்."

"எதுக்குங்க?"

"ஒரு அவசரம்னா வேணுமில்ல."

"ஜெராக்ஸ் மிசினு ஆரையாச்சும் கடிச்சுப் புடிச்சுக்குமா?"

எனக்கு வேண்டியது கத்தி இல்லை. மாமனார் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து, "பெரிய மாப்ள, உங்க கத்தியக் குடுங்க" என்று கேட்க வேண்டும். துண்டால் துடைத்துத் தராவிட்டாலும் பரவாயில்லை.

என்ன கத்தி, எங்கே வாங்கினீர்கள் என்று சகலையிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அவர் தன்னுடையதையே கழற்றிக் கொடுத்திருக்கவும் கூடும். அந்தப் பயத்திலேயே கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த வாரம் அவர் குளிக்கப் போன நேரத்தில், கல்லின்மேல் கழற்றி வைத்திருந்த கத்தியை ஒரு காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்துகொண்டேன். கடைக்கு வந்து அளந்தேன். அலகு மட்டும் இரண்டரை அங்குலம். ஒரு நகல் எடுத்தேன். அப்புறம் மெஷினில் நூற்றிருபது சதவீதம் என்று அழுத்தி இன்னொரு நகல் எடுத்தேன். மூன்று அங்குலம் வந்தது. மனசு குளிர்ந்தது. உலகத்தில் கத்தியை இப்படித் தேர்ந்தெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு மாதக்கணக்கில் ஃபோனில் வீடியோ பார்த்தேன். எந்த இரும்பு வியர்வைக்குத் துருப்பிடிக்கும், எதில் கூர் நிற்கும், உறை தோலில் வேண்டுமா பிளாஸ்டிக்கில் வேண்டுமா, எல்லாம் மனப்பாடம். கழுத்தில் எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்க, கடையிலேயே ஒரு கயிற்றில் ஸ்டேப்ளரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். ரெக்கார்டு நோட்டு பைண்டிங்குக்கு வந்த ஒரு மாணவி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஸ்டேப்ளர் அடிக்கடி திருடு போகுதாண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல.

கடைசியில் ஒருநாள் சேலம் போய், ஃபேர்லேண்ட்ஸில் மலையேறப் போகிறவர்களுக்குப் பையும் ஷூவும் விற்கிற கடை ஒன்றில் நுழைந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி.

"எந்த மலைக்குங்க சார்?"

"மலைக்கில்லீங்க, தோட்டத்துக்கு."

"எத்தனை ஏக்கருங்க?"

"மாமனாருதுங்க."

அவர் கண்ணாடி மேஜைமேல் மூன்று கத்திகளை வரிசையாக வைத்தார். நான் பையிலிருந்து நூற்றிருபது சதவீத நகலை எடுத்து விரித்து, ஒவ்வொரு கத்தியாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"சின்னது போதும் சார்" என்றார். "கழுத்துல போடறது கனமில்லாம இருக்கணும். குனிஞ்சு நிமிர்ற வேலைன்னா நுனி மொட்டையா இருக்கறது நல்லது. இதோ இந்த மணிச் சங்கிலி பாருங்க, எதுலயாவது மாட்டி இழுத்தா தானா விட்டுரும், கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அத்தனையும் சகலையிடம் ஏற்கெனவே இருந்தது. ஆகவே நான் கூர்நுனி உள்ள மூன்று அங்குலத்தை எடுத்தேன். சங்கிலிக்குப் பதில் தடித்த கறுப்பு நைலான் கயிறு கேட்டேன். உறைகளில் எது கத்தியை இறுக்கமாகப் பிடிக்கிறதோ அதைக் கேட்டேன்.

"இந்தக் கயிறு அறுந்துக்காதுங்க சார்" என்று எச்சரித்தார்.

"அதுதானே வேணும்" என்றேன்.

வீட்டில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். சகலைக்கு அது மார்பிலிருந்து நேராகத் தொங்கும். எனக்கு வயிறு ஒரு மேடை. கத்தி அதன்மேல் படுத்துக்கொண்டு, எதிரே வருகிறவரைச் சட்டைக்குள்ளிருந்தே சுட்டிக் காட்டியது.

பங்குனியில் மாமனார் ஊரில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. சகலை லீவு போட்டு, மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் காலை ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் வருவதற்குள் யாராவது எதையாவது அறுக்கச் சொல்ல மாட்டார்களா என்று. அன்றைக்குப் பார்த்து அந்தத் தோட்டத்தில் எல்லாம் தானாகவே பிரிந்தது. மூட்டை கையோடு அவிழ்ந்தது. வாழையிலைக் கட்டின் முடிச்சு தொட்டதும் கழன்றது. நான் சும்மா அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மாமியார் காபி கொண்டுவந்தார். என் காலருக்கு மேலே தெரிந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்துவிட்டார்.

"எந்தக் கோயிலுங்க மாப்ள?"

கழுத்தில் கயிறு இருந்தால் அது கோயில் கயிறு, அதில் ஏதாவது தொங்கினால் தாயத்து. எங்கள் பக்கத்தில் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 'இல்லீங்க அத்தை, கத்தி' என்று சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக, மாப்பிள்ளை கழுத்தில் கத்தியோடு வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது.

"திருச்செங்கோட்டு மலைங்க அத்தை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் அப்படியே நின்ற இடத்திலிருந்து என் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டார். "எதுக்காகவும் கழட்டிராதீங்க சாமி" என்றார்.

அந்தப் பொய்யின் விலை எனக்கு அரைமணி நேரத்தில் தெரிந்தது. கட்டுத்தறியில் ஓர் ஆடு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிற்றில் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொண்டுவிட்டது. மாமனார் ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆராச்சும் ஒரு கத்தி கொண்டாங்க" என்றார். ஐந்து மாதம் நான் காத்திருந்த வாக்கியம். 'பெரிய மாப்ள' மட்டும்தான் குறை. நான் அவரிடமிருந்து ஆறடி தள்ளி நின்றேன். எனக்குப் பக்கத்தில் மாமியார் நின்றார்.

ஆட்டுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. இனி மானம் பார்க்க முடியாது. சட்டைக்குள் கைவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கத்தி வரவில்லை, என் தலைதான் வந்தது. மறுபடி இழுத்தேன், இன்னும் கொஞ்சம் குனிந்தேன். உறை விடவில்லை, கயிறு அறுபடவில்லை. இரண்டையும் நானே பொறுக்கி எடுத்தது. மரத்தடியில் ஆடு ஒரு கயிற்றிலும், இந்தப் பக்கம் நான் ஒரு கயிற்றிலும் நின்றோம். நான் எத்தனையோ வீடியோ பார்த்தேன், உறையிலிருந்து கத்தியை எப்படி எடுப்பது என்பதை மட்டும் பார்க்கவில்லை. எடுத்தால் வரும் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குள் மாமனார் ஆட்டைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பின்னால் தள்ளி, சுருக்கில் விரலை நுழைத்து, தலையை உருவிவிட்டார். ஆடு நாலு தரம் இருமிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வேப்பங்கொழுந்தைத் தேடியது. அந்த நேரத்தில்தான் என் கத்தி, ஒரு சட்டைப் பொத்தானையும் கூட்டிக்கொண்டு, வெளியே வந்தது. வெயிலில் மூன்று அங்குலமும் மின்னியது.

மாமியார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தாயத்துன்னீங்களே சாமி" என்றார், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

மாமனார் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடிமரத்தில் இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அது விரலுக்கு வசப்படுகிற முடிச்சு இல்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி கத்தியைத் திருப்பி நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, கத்தி."

அவர் கத்தியைப் பார்த்தார், அப்புறம் என் தலைக்கு மேலாகத் தார்ரோட்டைப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க மாப்ள, சின்னவரு வந்துருவாரு."