அரிசி மூட்டைக்குள் மாமாவின் துவக்கு

எங்கள் மாமாவுக்குத் துவக்குப் பைத்தியம். பெரிய துப்பாக்கிகள் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய, சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் ரிவால்வர்கள். நாங்கள் குடியேறியிருந்த ஓக்லாந்தில் மற்ற வீட்டு மாமாமார் விசாவையும் வீட்டுக் கடனையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் சனிக்கிழமைகளில் பாபகூரா என்ற புறநகரில் ஒரு கிழவரைத் தேடிப் போய், பழைய இரும்பு எதையாவது கொண்டுவந்து துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளங்கைக்குள் பொத்தி நெரித்தால் சுடுகிற வட்டமான ஒன்று இருந்தது. விசையை அடிப்பக்கத்தோடு மடக்கிவைக்கக்கூடிய, எலும்புப் பிடி போட்ட இன்னொன்றும் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் சின்னது, அவருக்கு உயிர். இவற்றுக்கான குண்டுகளை இப்போது யாரும் செய்வதில்லை, அதனால் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை என்று எல்லோருக்கும் விளக்குவார். கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

அவருடைய அக்காவான என் அம்மாவுக்கு மட்டும் அந்த விளக்கம் ஏறவேயில்லை. மாமா அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியோடு நியூ லின்னில் இருந்த எங்கள் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அம்மா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சமைத்துக்கொண்டே ஜன்னலை எட்டிப் பார்ப்பார். பூட்டிய கதவைப் போய் மறுபடி பூட்டுவார். பெட்டி போகவேண்டும், இல்லாவிட்டால் தம்பி போகவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். ஏழு வயதில் எனக்கு மாமாவைவிட நல்ல கூட்டாளி கிடையாது. அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

அன்று ஜனவரி, அந்த நாட்டில் கோடை வெயில். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மாமா அந்தச் சின்ன ரிவால்வரைச் சமையலறை மேசையில் பேப்பர் விரித்து வைத்துவிட்டு, துடைக்கிற எண்ணெய் முடிந்துபோனதால் கடைக்குப் போய்விட்டார். அம்மா மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் ஜன்னலில் நீலச் சீருடை தெரிந்தது.

அம்மாவின் கைகள் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ரிவால்வர் மூலையில் இருந்த அரிசி மூட்டைக்குள் போனது. மூட்டைக்குமேல் நான் போனேன். எனக்குமேல் கம்பளி போனது.

"எழும்பாத. காய்ச்சல் எண்டு சொல்லு. காய்ச்சல்காரப் பிள்ளையை ஒருத்தரும் எழுப்பமாட்டினம்."

வந்த பொலிஸ்காரர் பாவம், நல்ல மனிதர். பக்கத்து வீட்டுக் காரின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள், சத்தம் ஏதும் கேட்டதா என்று விசாரிக்கத்தான் வந்திருந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டார். சீனி போட்டாரா என்று தெரியாமல் மறுபடியும் போட்டார். நான் கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டினேன். கால் விறைத்தது, முதுகில் ஊறல் எடுத்தது, சொறியவும் முடியவில்லை. போகப்போகிறார், போகப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மாமா வந்து சேர்ந்தார்.

மாமாவுக்குக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். இரண்டு நிமிஷத்தில் பேச்சு ரிவால்வருக்கு வந்துவிட்டது. பொலிஸ்காரருக்கும் ஆசை வந்து, பார்க்கலாமா என்று கேட்டார். மாமா பெருமையோடு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஒவ்வொன்றுக்கும் அளவாக வெட்டிய வெல்வெட்டில் ஒரு குழி வெறுமையாகக் கிடந்தது. அதில் எது இருக்கும் என்று பொலிஸ்காரர் கேட்டார். மாமா மேசையைப் பார்த்தார். பேப்பர் இருந்தது, ரிவால்வர் இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமா மூலையில் என்னைப் பார்த்தார்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. அதை ஒரு நண்பர் பார்க்க வாங்கிப் போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் அவருடையதுபோலவே இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். இவர் எதற்குப் பொய் சொல்கிறார்?

பொலிஸ்காரர் எனக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா எதையும் தேடவில்லை. நேராக வந்து என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, முழங்கைவரை அரிசிக்குள் கையை விட்டு ரிவால்வரை எடுத்தார்.

"உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"மேல இருந்தது நான்தானே, அக்கா."

ஊரில் போர் நடந்து, இராணுவம் வீடு வீடாகத் தேடி வந்த காலத்தில் மாமாவுக்கு ஐந்து வயது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அன்று அவருக்குக் கீழே என்ன இருந்தது என்று இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை. ஏழு வயதில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: சின்னவர்களாக இருந்தபோது இவர்கள் இருவரும் இதே விளையாட்டை விளையாடியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் சொல்லித் தரவில்லை. ஆகவே, அப்போது யார் வென்றது என்று கேட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அக்காதான்" என்றார் மாமா. பிறகு ரிவால்வரை அதன் குழிக்குள் வைத்து மூடி, பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாபகூராக் கிழவரிடம் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பெட்டி இல்லை.

தோற்றவர் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்கு நியாயமாகவும் பட்டது.